நீ கிள்ளிச் சொன்ன நோவு

அக்கா,

இன்று காலை பஸ் நிலையத்தடியில் ஒரு பெண் என் ஓட்டோவில் ஏறினார். கூட வந்தது அவருடைய மகள். அந்தப் பெண் ஒரு தலையணையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ஏறும்போதும் அதை விடவில்லை. மகள்தான் தோளைத் தாங்கி உட்கார வைத்தாள். எங்கே போக வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, "நெடுக்க வெட்டினதோ, குறுக்க வெட்டினதோ?" என்று கேட்டுவிட்டேன். மகளின் முகம் மாறிவிட்டது. தாய் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வயிற்றைப் பிடித்திருக்க வேண்டும், தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "நெடுக்க, தம்பி. பேசாலைக்குப் போங்கோ, மெல்லமா" என்றார்.

மெல்லமாகத்தான் போனேன். வழியில் ஒரு கழுதை நடுரோட்டை விட்டு நகராமல் நிற்க, பிரேக் பிடித்தேன். பின்னாலிருந்து ஓர் இருமல். தொண்டைக்கு வந்ததைப் பாதியில் விழுங்கிக்கொள்ளும் இருமல். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

"அரைகுறையா இருமாதேங்கோ அம்மா. தலையணையை வெட்டின இடத்தில அமத்திப் பிடிச்சு, மூச்சை நல்லா இழுத்து, ஒரேயடியா இருமுங்கோ. நோவுக்குத் தந்த குளிசையை நேரத்துக்குப் போடுறீங்களோ?"

"நீங்கள் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறனீங்களோ?" என்று மகள் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு ஓட்டோவை எடுத்தேன்.

அவர்களை இறக்கிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாண்டில் நிற்க முடியவில்லை. கடற்கரைப் பக்கம் போனேன், அங்கேயும் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பேனையை எடுத்து உட்கார்ந்து, எழுந்து முற்றத்துக்குப் போய், திரும்பவும் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தொடங்கும்போதே ஒரு சிக்கல். உன்னை நீ என்பதா, நீங்கள் என்பதா? நம் ஊர் தோட்டவெளியில் மற்றவர்களெல்லாம் தங்கள் அக்காமாரை ஏதோ ஒன்று சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தார்கள். நான் உன்னை வாயால் அழைத்ததே இல்லை. பிறவியிலேயே உனக்குக் காது கேளாது, பேச்சும் வரவில்லை. உன் பக்கம் விரலை நீட்டினால் அது நீ. அந்த விரலில் மரியாதையும் இருந்தது, சண்டையும் இருந்தது. காகிதத்தில் எழுதும்போது மட்டும் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. நீ என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் என் காதைத் திருகுவதுபோலக் காற்றில் திருகிக் காட்டிக்கொள்.

நம்முடைய கைப்பாஷை பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல. கொன்வென்ட் சிஸ்டர்மார் உனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். பேசுவதற்கு வேண்டியதை நீயும் அம்மாவும் அடுப்படியில் வைத்து உண்டாக்கினீர்கள். பிறகு நான் பிறந்து சேர்ந்துகொண்டேன். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. இடது புருவத்தில் கோடு கிழித்தால் நான், அங்கே எனக்கு ஒரு தழும்பு. கழுத்தைச் சுற்றி வளையம் போட்டால் பங்குச் சுவாமி. பொய்யன், கஞ்சன், வாயாடி எல்லோருக்கும் ஒவ்வொரு சைகை வைத்திருந்தாய். சைகைகளை மாற்றிக்கொண்டே வேறு இருப்பாய். நான் கட்டாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது பாதி புரியவில்லை. அம்மா செத்த பிறகு அந்தப் பாஷைக்கு நீயும் நானும் மட்டுந்தான் ஆட்கள்.

நண்டுக் கம்பனியில் உன்னைப்போல் வேகமாக நண்டுச் சதை எடுக்க ஆளில்லை என்பார்கள். வயிற்றுக்குத்து வந்த காலத்திலும் நீ ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் விடவில்லை. மெலிந்தாய். சாப்பாட்டைத் தள்ளி வைத்தாய். கேட்டால் கையை அசைத்து விரட்டினாய். கடைசியில் கம்பனியிலேயே சாப்பிட்டதைச் சத்தி எடுத்து விழுந்து, பெண்கள் உன்னை என் ஓட்டோவில் கொண்டுவந்து போட்டார்கள். பெருங்குடலில் கட்டி, வெட்டி எடுத்தே ஆகவேண்டும் என்று டொக்டர் சொன்னார். பாலம் கடந்து, நம் சின்னத் தீவுக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கும். இளம் டொக்டர் ஒருவர், சிங்களவர், தமிழைத் தேடித் தேடிப் பேசினார். "ஒப்பரேஷனுக்குப் பிறகு நோ வரும். நோ எவ்வளவு எண்டு எங்களுக்குச் சொல்ல வேணும். பத்தில எத்தனை?" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். உனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறார் என நினைத்து நீ என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாய். பிறகு அவர் முகங்கள் வரைந்த அட்டையைக் கொண்டுவந்தார். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் அட்டை. நீ அதை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, அழும் முகத்தைத் தொட்டு, டொக்டரைக் காட்டினாய். அவரும் சிரித்துவிட்டார். நான் எவ்வளவு விளங்கப்படுத்தியும் நீ பிடிகொடுக்கவில்லை. நோ என்பதற்கு நம்மிடம் ஒரே ஒரு சைகைதான் இருந்தது, கையை முட்டியாக மடக்கி நோகும் இடத்தில் திருகுவது. கொஞ்சம், நிறைய என்று நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. நோ என்றால் நோ, அதற்கு மேல் என்ன பேச்சு?

பெண்கள் வார்ட்டில் ஆண்கள் தங்க முடியாது. என் மனைவி அப்போது குவைத்தில் வேலையாக இருந்தாள். உன்னோடு நிற்க வேறு பெண் இல்லை. பார்வை நேரத்துக்கு மட்டும் வரலாம் என்றார்கள். ஒப்பரேஷன் முடிந்ததும், நல்லபடி முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். அன்றும் மறுநாள் காலையும் நான் அந்த ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றி ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மரத்தடியில் நிறுத்துவேன். மனம் கேட்காது. அடுத்த கேற்றுக்குப் போவேன்.

மத்தியானப் பார்வை நேரம் மணி அடித்ததும் ஓடிவந்தேன். வாசலில் நின்ற இளம் நேர்ஸ் என்னைப் பார்த்து முகம் மலர்ந்து சொன்னா: "உங்கட அக்கா நல்ல பொறுமைசாலி. ஒரு சத்தமும் இல்லை. மற்ற ஆக்களெல்லாம் ஐயோ அம்மா எண்டு கத்துவினம். அவ அப்பிடியே படுத்திருக்கிறா."

"அவவுக்குச் சத்தம் வராது மிஸ்," என்றேன்.

"தெரியும் தம்பி, எண்டாலும் முனகக்கூட இல்லையே."

உன் கட்டிலடிக்கு வந்தேன். மூக்கில் குழாய். வயிற்றில் மார்புக்குக் கீழே தொடங்கி நீளமாகக் கட்டு. நீ அசையவில்லை என்றது உண்மைதான். மூச்சுக்கூட மேல் நெஞ்சிலேயே நின்றது, கீழே இறங்கவில்லை. போர்வைக்குக் கீழே பார்த்தேன், கால் விரல்கள் எல்லாம் உள்ளுக்கு மடங்கி இறுகிப் போயிருந்தன. பிறகுதான் உன் வலது கையைக் கண்டேன். சேலைன் ஏற்றும் ஊசியை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் குத்தி, கை மடங்காமலிருக்க ஒரு மட்டையை வைத்து, விரல் நுனிவரை பிளாஸ்டர் சுற்றியிருந்தார்கள். இடது கையைப் பிரஷர் பார்க்கும் பட்டியின் குழாய் கட்டிலோரத்தோடு இழுத்துப் பிடித்திருந்தது. உன் கண் என்னைக் கண்டது. கண்ணைத் தவிர உன்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

"மிஸ்! அவ கையாலதான் கதைக்கிறவ. அவவின்ர வாயைக் கட்டி வைச்சிருக்கிறியள்!"

நான் கத்திவிட்டேன் என்பது எல்லோரும் திரும்பிய பிறகுதான் விளங்கியது. அந்த நேர்ஸ் கோபிக்கவில்லை. கையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "கடவுளே, இதை யோசிக்கேல்லையே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சாமான்களைக் கொண்டுவந்து, இடது கைப் பட்டியைக் கழற்றி, அந்த முழங்கைக்குக் கீழே வேறு ஊசி ஏற்றிவிட்டு, வலது கையின் பிளாஸ்டரை மெதுவாக ஈரம் பண்ணி உரித்துவிட்டா. 

கை விடுபட்டதும் நீ செய்த முதல் வேலை என்ன? என் முன்னங்கையைப் பிடித்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நண்டு கவ்வுவதுபோலக் கவ்வி, கிள்ளினாய். விடவில்லை. இன்னும் இறுக்கினாய். நான் "ஆ!" என்று துள்ளியபோதும் விடவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகுதான் விட்டாய். விட்டுவிட்டு உன் வயிற்றைக் காட்டினாய்.

பத்து விரலாலும் முகம் கீறிய அட்டையாலும் கேட்டதற்கெல்லாம் பதில் அதுதான் என்று எனக்கு உடனே விளங்கியது. நேர்ஸுக்கும் விளங்கியது. "அவ்வளவோ?" என்று தன் கையை நீட்டினா. நீ அந்தப் பிள்ளையின் கையையும் விடவில்லை. "அம்மோய்!" என்று கையை உதறிக்கொண்டு டொக்டரைக் கூப்பிட ஓடினா.

அதோடு சரியாகியிருக்க வேண்டும், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டொக்டர் வந்து உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நெற்றியைத் தொட்டார். "காய்ச்சல் தொடங்குது. நெஞ்சு அடியில காத்து போகேல்லை. நோ எண்டபடியாலதான் அவங்க மூச்சு இழுக்கிறதில்லை, இருமுறதில்லை. இப்பிடியே விட்டா நுரையீரலில சளி கட்டும். அது ஆபத்து," என்றார். மோர்பின் ஊசி போடச் சொன்னார். நேர்ஸ் தட்டில் ஊசியோடு வந்தா.

ஊசியைக் கண்டதும் உன் முகம் மாறியது. நீ சிரித்தாய், அக்கா. மூக்கில் குழாயோடு, வறண்ட உதட்டோடு, நீ சிரித்தாய். கையை அசைத்து ஒன்றுமில்லை என்றாய். நேர்ஸின் கையை எடுத்து மெல்ல, பூவைத் தொடுவதுபோல, தொட்டுக் காட்டினாய். நோ போய்விட்டதாம்.

"இப்ப என்ன சொல்லுறா?" டொக்டருக்குக் குழப்பம்.

"பொய் சொல்லுறா," என்றேன். உன் கால் விரல்கள் இன்னும் மடங்கித்தான் இருந்தன.

நான் உன் முன்னால் வந்து புருவத்தை உயர்த்தி, ஏன் என்று கேட்டேன். நீ என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாய். முகத்தைத் திருப்பி மறுபடி கேட்டேன். அப்போதுதான் உன் கை எழுந்தது. மூக்குத்தி இடம். அம்மா. பிறகு கையில் குத்தும் ஊசி. பிறகு கண்ணை மூடினாய். பிறகு கையைக் கவிழ்த்து மண் மூடிக் காட்டினாய்.

அம்மா சாகும்போது நான் கட்டாரில் இருந்தேன். கடைசி நாட்களில் ஈரல் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தா என்று போனில் சொன்னார்கள். அம்மாவின் பக்கத்தில் இருந்தது நீதான். ஒரு நேர்ஸ் வந்து ஊசி போட்டதையும், அம்மா தூங்கியதையும், பிறகு எழும்பாததையும் பார்த்தவளும் நீதான். உனக்கு யாராவது ஏதாவது சொன்னார்களா? அங்கே சொல்லத் தெரிந்தவர் யார் இருந்தார்? இருந்தவர்களுக்கு உன் கை தெரியாது, உன் கை தெரிந்த நான் கடல் கடந்து கிடந்தேன். அத்தனை காலமும் அந்த ஊசிதான் அம்மாவைக் கொன்றது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டே, பூசைக்குப் போய், நண்டு உடைத்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய்.

பார்வை நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. மற்ற ஆண்கள் போய்விட்டார்கள். நான் நேர்ஸிடம் கெஞ்சினேன். வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் யோசித்தா. அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்: "தம்பி இருக்கட்டும் சிஸ்டர். நாங்க முக்காட்டைப் போட்டுக்கிறம். அந்தப் பிள்ளைக்கு வேற யாரு இருக்கா கதைக்க?"

அவதான் வார்ட்டே ராத்தா என்று கூப்பிட்ட முஸ்லிம் அக்கா. சிலாவத்துறைக்காரி. பித்தப்பை வெடித்து வயிற்றைத் திறந்து ஒப்பரேஷன் செய்து, உன்னை விடச் சில நாள் முந்தி எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தவ. சிஸ்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, "கெதியா முடியுங்கோ," என்றா.

அவ்வளவு விரைவாக எப்படி முடிப்பது? அம்மாவின் வியாதியை உனக்கு எப்படிச் சொல்வது? ஈரலுக்கு நம்மிடம் சைகை இல்லை. வீங்கிய வயிற்றைக் காட்டினேன். மஞ்சளான கண்ணைக் காட்டினேன். நாள், நாள், நாள் என்று விரலை முன்னே தள்ளினேன். அம்மா போய்க்கொண்டிருந்தா, ஊசி வருவதற்கு முதலே போய்க்கொண்டிருந்தா. நீ இல்லை, இல்லை என்று தலையாட்டினாய். ஊசி. கண் மூடியது. மண்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. உன் நண்டுக் கையை எடுத்து என் முன்னங்கையில் வைத்துக் கிள்ளச் செய்தேன். அம்மா, என்று மூக்கைத் தொட்டேன். அம்மாவை இப்படிக் கிள்ளிக்கொண்டிருந்தது. இறுக்கமாக. எவ்வளவோ நாள். பிறகு ஊசியைக் காட்டி, உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையிலிருந்து எடுத்தேன். ஊசி இதைத்தான் செய்தது. அம்மா போனா. ஆனால் இந்தப் பிடி விட்ட பிறகுதான் போனா.

நீ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். கிள்ளிய இடம் சிவந்து, மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது. நீ அதை விரலால் தடவினாய். பிறகு அழுதாய். அழுகை வயிற்றை உலுக்க, அந்த வலியில் முகம் கோணி, அழுகையையும் நிறுத்த முடியாமல், வலியையும் தாங்க முடியாமல் நீ துடித்தாய். நான் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தா தன் தலையணையை நீட்டினா. "இத வயித்தோட வைச்சு அமத்தச் சொல்லுங்க தம்பி."

அமத்திக்கொண்டாய். கொஞ்சம் பொறுத்து, ஊசிக்குக் கையை நீட்டினாய். ஆனால் எனக்குக் கட்டளை போட்டாய்: நான் தூங்குவேன், நீ பார், நான் எழும்பாவிட்டால் எழுப்பு.

"பயப்பிடாதேங்கோ, நாங்களும் பாப்பம். எவ்வளவு மயக்கம் வருது, மூச்சு எப்பிடிப் போகுது எண்டு பாத்துப் பாத்துத்தான் குடுக்கிறது," என்றா நேர்ஸ். சொன்னபடியே வந்து வந்து பார்த்தா. நான் உன் நெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் மேலேயே நின்ற மூச்சு, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. போர்வைக்குள் கால் விரல்கள் அவிழ்ந்தன. நீ தூங்கினாய். இரண்டு தரம் எனக்குப் பொறுக்காமல் உன் தோளைத் தொடப் போனேன். நேர்ஸ் என் கையைத் தட்டிவிட்டா.

நீ கண் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாய். கையைத் தூக்கினாய். நான் குனிந்தேன். என் சேர்ட் நாறுகிறது, போய்க் குளி என்றாய்.

ராத்தாவுக்கு நான் அன்று கற்றுக்கொடுத்தது மூன்றே சைகை: நோ, தண்ணீர், தம்பி எங்கே. அதை வைத்துக்கொண்டு அவ உன்னோடு நாள் முழுதும் கதைத்தா. வார்ட்டே உன் நண்டுக் கையைப் படித்துக்கொண்டது. நேர்ஸ்மார் வரும்போது கையை நீட்டுவார்கள். சும்மா படுத்திருக்கும்போது ஒரு கிள்ளு, இருமச் சொல்லிவிட்டு ஒரு கிள்ளு. "படுத்திருக்கேக்க நோ இல்லாட்டி மட்டும் காணாது தம்பி, இருமேக்கையும் எழும்பேக்கையும் தாங்கக்கூடியதா இருக்க வேணும்," என்று அந்த இளம் நேர்ஸ் எனக்குச் சொல்லித் தந்தா. நோ ஏறிய பிறகு துரத்திக்கொண்டு ஓடக் கூடாது, ஏறுவதற்கு முதலே மருந்து போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னா. ஊசியோடு பனடோலும் நேரம் தவறாமல் ஏறியது. ராத்தா தன் தலையணையை அணைத்து இருமுவா, அதைப் பார்த்து நீ உன் தலையணையை அணைத்து இருமுவாய். இரண்டு பேரும் போட்டி போட்டு இருமுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், அந்தச் சளி வெளியே வரும்வரை நெஞ்சு பதைத்துக்கொண்டும் இருக்கும்.

"என்ர கையப் பாருங்க தம்பி," என்று ராத்தா ஒருநாள் முக்காட்டைச் சற்று விலக்கி முன்னங்கையைக் காட்டினா. நீலம் நீலமாக. "வீட்ட போனா இவர் என்ன கேப்பாரோ!"

நீ சும்மா இருந்தவளா? பெரிய டொக்டர் சுற்றிப் பார்க்க வந்தபோது, நோ எவ்வளவு என்று அவர் தன் கையை நீட்ட, நீ கொடுத்த கிள்ளில் அவருடைய கண்ணாடி மூக்கில் இறங்கியது. டொக்டர் மருந்தைக் கூட்டச் சொல்லப் போனார். நீ அவர் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் அவசரமாக, "இது விளையாட்டு, டொக்டர்," என்றேன். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

வயிற்றுத் தண்ணீர் வடியும் பையை ஒரு கையில் கைப்பை மாதிரித் தூக்கிக்கொண்டு, மறுகையால் ராத்தாவைப் பிடித்துக்கொண்டு நீ வார்ட் வாசல்வரை நடந்து வந்தாய். பிறகு வீடு. பிறகு மருந்தேற்ற ஓட்டம். முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. நீ நண்டுக் கம்பனிக்குத் திரும்பிப் போனாய். ஒரு நல்ல காலம் இருந்தது, அக்கா. அதை நான் மறக்கவில்லை. மனைவியும் குவைத்திலிருந்து வந்துவிட்டாள். நீ அவளைப் பற்றி என்னிடமும் என்னைப் பற்றி அவளிடமும் கோள் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்தக் கட்டி ஈரலுக்கும் வந்தது. இந்தமுறை வெட்ட முடியாது என்றார்கள். இந்த ஆண்டு சோளகக் காற்று தொடங்கியபோது நீ படுத்தாய்.

ஊசிக்குப் பயந்த நீ, இப்போது மருந்தை நீயாகவே கேட்டாய். வாயால் குடிக்கும் மோர்பின். கசப்பு. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, சுவாமியைப் போல ஆசீர்வாதம் செய்வாய். நான் கையை நீட்டுவேன், நீ கிள்ளுவாய், நான் அளவறிந்து கொடுப்பேன், கிளினிக்கில் சொல்லிக் கூட்டிக்கொள்வேன். எல்லாம் நம் கைக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் நீ கிள்ளியது எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷப்பட்டேன். மறுநாள் அதைவிட மெல்லக் கிள்ளினாய். மருந்து வேலை செய்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். உனக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது நீ கோப்பையைப் பிடிக்க முடியாமல் விட்டதைப் பார்த்தேன். நோ குறைந்ததா, கையில் பலம் குறைந்ததா? எதை நம்புவது? உன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மறுபடி மறுபடி கையை நீட்டினேன். நீ அலுத்துப்போய் என் கையைத் தள்ளிவிட்டாய். அந்தத் தள்ளலிலும் பலம் இல்லை.

கிளினிக் நேர்ஸ் வீட்டுக்கு வந்தா. "கையை விடுங்கோ. முகத்தைப் பாருங்கோ. புருவம் சுருங்குதா? திருப்பிப் படுக்க வைக்கேக்க மூச்சைப் பிடிக்கிறாவா? உங்களுக்குத்தான் அவவை நல்லாத் தெரியும்," என்றா.

போர்வையைத் தூக்கி உன் காலைப் பார்த்தேன். விரல்கள் மடங்கியிருந்தன.

மருந்தைக் கூட்டினோம். விரல்கள் அவிழ்ந்தன. அதிலிருந்து நான் உன் கால்மாட்டில்தான் இருந்தேன். உன் முகம் சிரித்துச் சமாளிக்கும், கால் பொய் சொல்லாது.

ராத்தா சிலாவத்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தா. வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தா. உன்னால் சாப்பிட முடியவில்லை, கிண்ணத்தை மூக்கருகே பிடிக்கச் சொல்லி மணந்தாய். ராத்தா கட்டிலோரம் உட்கார்ந்து, சேலையை விலக்கி முன்னங்கையை நீட்டினா. நீ உன் இரண்டு விரலையும் அதன்மேல் வைத்தாய். வைத்தபடியே இருந்தாய்.

"நோகாமக் கிள்ளுறா தம்பி," என்று சொல்லிவிட்டு ராத்தா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டா.

உன் கடைசிப் பின்னேரம். நான் கால்மாட்டில் இருந்தேன். உன் கால் தளர்ந்து கிடந்தது. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வலது கை எழுந்தது. பெருவிரலைச் சுட்டுவிரலின் பக்கத்தில் உரசினாய். பிறகு உள்ளங்கையை என் பக்கம் விரித்தாய். பிறகு அந்தக் கையைக் கொண்டுபோய் உன் கழுத்தடி எலும்பில் வைத்தாய்.

எனக்கு விளங்கவில்லை. அந்தச் சைகையை நான் அதற்கு முதல் கண்டதில்லை. புருவத்தை உயர்த்தினேன். நீ மறுபடியும் செய்தாய், மெதுவாக, மொக்கனுக்குச் சொல்வதுபோல. உரசல். விரித்த கை. கழுத்தடி. எழுந்து பக்கத்தில் வந்து, என் கையாலேயே அதைச் செய்து, என்ன என்று கேட்டேன். நீ சரி என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தாயோ? மறுநாள் விடிந்த பிறகுதான் நீ போனாய். ஆனால் அதற்குப் பிறகு உன் கை எழவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பார்ப்பவர்கள் நான் துக்கத்தில் தட்டுக்கெட்டுப் போனேன் என்று நினைத்திருப்பார்கள். சுவாமி, அது ஆசீர்வாதமாக இருக்கும் மகன் என்றார். மனைவி, உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறா என்றாள். ராத்தா தன் கையால் அதைச் செய்து பார்த்தா, திரும்பவும் செய்து பார்த்தா, "எனக்குத் தெரிஞ்சது மூண்டே மூண்டுதானே தம்பி," என்றா. நண்டுக் கம்பனிப் பெண் ஒருத்தி, "உப்புக் காணுமோ எண்டு கேக்கேக்க இப்பிடித்தான் விரலைத் தேய்க்கிறவ," என்றாள். மற்றவள், இல்லை, அது வேறு என்றாள். இருவரும் கல்லறை வாசலில் நின்று வாக்குவாதப்பட்டார்கள்.

உப்பாகவும் இருக்கலாம். நன்றியாகவும் இருக்கலாம். போய் ஓட்டோவைப் பூட்டு என்றும் இருக்கலாம், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? எதை ஏற்றுக்கொண்டாலும் மற்றதெல்லாம் செத்துவிடும் என்று எனக்குப் பயம். ஆகவே ஒன்றையும் ஏற்கவில்லை.

ஸ்டாண்டில் ஆள் இல்லாத நேரங்களில் என் கை தானாக அதைச் செய்கிறது. பக்கத்து ஓட்டோக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், இப்போது பழகிவிட்டது. இதை எழுதும்போதும் இரண்டு தரம் பேனையை வைத்துவிட்டுச் செய்து பார்த்தேன். பெருவிரல் உரசல், விரித்த கை, கழுத்தடி. சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைக்கிறேன். பிழையென்றால் என் கையைத் தட்டித் திருத்த நீ இல்லை.

உன் தம்பி